கழுவிய கல்

எங்கள் ஊரில், சண்டையில் செத்தவனுக்குக் கல் நட வேண்டுமென்றால், அவன் விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் வந்து கல்லின் முன் நின்று சொல்ல வேண்டும். காகிதம் செல்லாது.

என் தம்பி குப்பன் 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் காணாமல் போனான். ஏழு வருஷம் கழித்துப் பட்டாளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கல் நட உத்தரவு தரவேண்டிய ஊர்க்கவுண்டர் கோபால்சாமிக்கு அதைப் படித்துக் காட்டினேன். 'இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்' என்ற வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"யார்ரா கருதனது?"

"மேலதிகாரிங்க."

"அவுங்க பாத்தாங்களா?"

"பாத்ததா எழுதல."

"அப்ப மடிச்சி வை."

மடித்து வைத்தேன். குப்பனுக்கென்று கொண்டுவந்திருந்த கல் புளியமரத்தடியில் படுத்தே கிடந்தது. தம்பி மனைவி செந்தாமரை தாலியோடு இருந்தாள், ஆனால் கல்யாண வீடுகளில் அவள் கையால் மஞ்சள் வாங்கத் தயங்கினார்கள். தாலி அறுத்தவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தால் என் அம்மா பெரியம்மாள் ஓடிவந்து எழுப்புவாள். "எம் புள்ள உயிரோட கீறான். நீ இன்னாடி அங்க போய் குந்தற?" என்பாள். செந்தாமரை எழுந்து, இரண்டு பக்கத்துக்கும் நடுவே, தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் இடத்தில் நிற்பாள். பதினோரு வருஷம் அங்கேதான் நின்றாள்.

குப்பனைப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்துக்குக் கூட்டிப்போனவன் நான். மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் அப்போதுதான் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. பதினேழு வயதுப் பையனுக்குப் பதினெட்டு என்று எழுதியதும் நான்தான். அதனால் அந்தக் கல்லை நடுகிற வரைக்கும் எனக்கும் ஒரு கணக்கு நின்றுகொண்டிருந்தது.

லீவு நாட்களில் நான் ஆட்களைப் பழைய போர்க்களங்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன். நடுகற்களைப் படியெடுக்க வந்தவர்களோடு காகிதமும் தூரிகையும் சுமந்து நடந்த காலத்தில் பழைய எழுத்தைப் படிக்கக் கற்றிருந்தேன். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் சிலர், லாட்ஜ்காரர் சொல்லி என்னிடம் வருவார்கள். காலையில் ஆரணிக் கோட்டை மேடு, பிறகு செங்கம் கணவாய் அல்லது மலைமேல் எங்கள் கற்கள், பொழுது சாய்வதற்குள் கீழே கொண்டுவந்து விட்டுவிடுவேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள். அதற்காகத்தான் அந்த வேலையையே எடுத்தேன். ஒரு நோட்டு வைத்திருந்தேன். பெயர், ஊர், படையில் இருந்தால் எந்தப் பட்டாலியன், எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று எழுதச் சொல்வேன். நல்ல பழக்கம் என்று பாராட்டிவிட்டு எழுதுவார்கள்.

1983 பிப்ரவரியில் கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒருவர் எழுதினார். மேஜராக ஓய்வு பெற்றவர், தமிழர். பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் அல்ல, நானாகத்தான் விடுகிறேன். நோட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். குப்பனின் கடைசிக் கடிதத்தின் மேல் இருந்த அதே பட்டாலியன், அதே கம்பெனி, அதே வருஷம்.

கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் ஜமுனாமரத்தூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பஞ்சாட்சரம் எங்கள் பக்கத்து ஆள்.

"இன்னா வாத்தியாரே, இன்னைக்கு எந்தக் கோட்டையப் புடிக்கப் போறீங்க?"

அவனை ஓரமாக இழுத்துப் போனேன். "இன்னைக்குச் சந்தை தானே. நம்ம ஊர் ஆளுங்க யாராவது இருப்பாங்க. கவுண்டருக்குச் சொல்லி அனுப்பு. குப்பனைப் பாத்தவரு வர்றாரு. கல்லக் கழுவச் சொல்லு."

பஞ்சாட்சரத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "நெஜமாவா?" என்றான். தலையாட்டினேன். விசில் ஊதினான். பஸ் போய்விட்டது.

நான் செய்த தவறு அதுதான். முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். பதினோரு வருஷமாக அப்படி ஒருவர் வரவேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தேன். வருகிறவர் பார்க்காதவராகவும் இருக்கலாம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் கல்லைக் கழுவிவிட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் விட்டால் அது வேறொரு ஆளைக் கேட்கும் என்பார்கள். நான் படித்தவன், அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் கழுவிய கல்லைப் படுக்கவிட்டுத் தூங்கப் போகிற ஆள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. நானும் இல்லை.

ஆரணியில் கோட்டை மேட்டில் நின்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். இந்தப் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனிப் படை, அந்தப் பக்கம் ஹைதர் படை என்று கைகாட்டினேன். மேஜர் நான் காட்டிய பக்கம் பார்க்கவில்லை. காலடியில் இருந்த கொள்ளுக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்வாங்கினவங்க, காயம்பட்டவங்களத் தூக்கிட்டுப் போனாங்களா?" என்று கேட்டார்.

"அது புத்தகத்துல இல்லீங்க."

"இருக்காது" என்றார்.

போளூரில் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் இலையில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை. "மலைக்கு மேல போகாம இங்கேயே முடிச்சுக்கலாமா?" என்றார். "மேல கல்லுங்க கீதுங்க, நல்லா இருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவினார்.

மலைப்பாதையில் ஏழாவது வளைவு தாண்டியதும் சொன்னேன். குப்பன் என் தம்பி என்றும், மேலே கல் தயாராக இருக்கிறது என்றும், அவர் சொல்ல வேண்டியது மூன்றே பதில்தான் என்றும்.

ஜீப்பை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார்.

"ஜாடை தெரிஞ்சுது. டீக்கடையிலேயே தெரிஞ்சுது" என்றார். "உங்களத் தேடித்தான் வந்தேன். டூர்னு சொன்னா பாதியில திரும்பிடலாம், யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"திரும்ப முடியாதுங்க சார். கல்லைக் கழுவிட்டிருப்பாங்க."

"யார் சொன்னது கழுவ?"

"நான்தான்."

"என்னக் கேட்டீங்களா?"

கீழே எங்கோ ஒரு லாரி முக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

"நான் பாக்கல" என்றார் மேஜர். "அவன் சாகறத நான் பாக்கல. உயிரோட விட்டுட்டு வந்தேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார். ஆற்றைத் தாண்டிப் போயிருந்தார்கள். கண்ணிவெடி புதைத்த நிலம். குப்பனுக்குக் கால் போய்விட்டது. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அடிபட்டவர்கள் இரண்டு பேர், தூக்குவதற்கு இருந்த ஆட்கள் ஒருவனுக்குத்தான் போதும்.

"இன்னொருத்தனுக்குப் பேச்சே இல்ல. உங்க தம்பி பேசிட்டிருந்தான். பேசறவன் தாங்குவான்னு கணக்குப் போட்டேன். பேசாதவனத் தூக்கினேன். அவன் வழியிலேயே போயிட்டான். திரும்பி வர்றதுக்குள்ள அந்த இடம் அவங்க கைக்குப் போயிடுச்சு. அறிக்கையில 'காணவில்லை'ன்னு எழுதினேன். வேற என்ன எழுதறது?"

எனக்கு அப்போது தம்பிமேல் துக்கம் வரவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மேலே கழுவிக் கிடக்கிற கல்தான் கண்முன் வந்தது. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே கால்.

"சார், பாத்தேன்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"மூணு கேள்விதான் கேப்பாங்க. எங்க, எப்ப, எப்படி. மொத ரெண்டும் நெஜம். மூணாவதுக்கு மட்டும் நெஞ்சுல குண்டு பட்டுச்சி, அங்கயே பட்டான், நான் பாத்தேன்னு சொல்லுங்க. போதும்."

அவர் ஒரு பீடி பற்றவைத்தார். மேஜர் பீடி குடிப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"உங்க தம்பி பொண்டாட்டி இருக்காளா?"

"கீறா. தாலியோட கீறா. இந்தக் கல்லு நின்னாத்தான் அவளுக்கு ஒரு பக்கம் உக்காற எடம் கெடைக்கும்."

பீடியை அடிவரைக்கும் இழுத்தார். பிறகு ஜீப்பைக் கிளப்பினார். "சொல்லிக் குடுங்க" என்றார்.

மீதி வளைவுகள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர் திருப்பிச் சொன்னார். 'செத்தான்' என்று சொன்னபோது, 'பட்டான்' என்று சொல்லவேண்டும், கற்களில் அப்படித்தான் வெட்டியிருக்கிறது என்று திருத்தினேன். "ஸ்கூல் பையன் மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எங்கள் ஊர் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், ஜீப் போகிற தடத்தின் கடைசியில் இருக்கிறது. போய்ச் சேரும்போது மணி நாலரை. ஊர் முழுக்கப் புளியமரத்தடியில் இருந்தது. பழைய கற்கள் ஏழு வரிசையாக நின்றன. எட்டாவது இடத்தில் குழி வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் கல் ஈரத்தோடு கிடந்தது. மஞ்சள் பூசியிருந்தார்கள். ஒரு சேவல் கால் கட்டிக் கிடந்தது. ஆண்கள் கல் பக்கம், பெண்கள் இருபதடி தள்ளி. செந்தாமரை குளித்து ஈரத்தலையோடு நின்றாள். என் அம்மா மட்டும் கல்லுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

மேஜர் ஷூவைக் கழற்றினார். கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் குனிந்து அதோடு போராடினார். கடைசியில் அறுத்தே விட்டார்.

"இவரா?" என்றாள் அம்மா, திரும்பாமலே. "இவுரு இன்னாத்தப் பாத்தாரு?"

"சும்மா இரும்மா" என்றேன்.

கவுண்டர் மேஜரைக் கல்லின் தலைமாட்டில் நிறுத்தினார். நான்கு பேர் கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

"எங்க ஊரு குப்பன் எங்க விழுந்தான்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். கோதுமைக் காட்டுல."

"எப்ப?"

"விடியறதுக்கு முன்ன."

"எப்படி?"

மேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நெஞ்சுல குண்டு. அங்கயே பட்டான். நான் பாத்தேன்."

ஆண்கள் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நெஞ்சில் வாங்கினான் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது பெருமை. கவுண்டர் கையசைத்தார். நான்கு பேரும் கல்லை எழுப்பினார்கள். அடிப்பாகம் குழி விளிம்புக்கு வந்து, கல் பாதி சாய்வாக நின்றது.

"இருங்க."

செந்தாமரை. இருபதடியைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். பெண்கள் அந்தத் தூரத்தைத் தாண்டி வருவதில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

மேஜரின் முன்னால் வந்து நின்றாள். "கடைசியா இன்னா பேசனாரு?"

கவுண்டர், "நெஞ்சுல குண்டு பட்டவன் இன்னாத்தம்மா பேசுவான்?" என்றார்.

"அவுரு தூக்கத்துலயே பேசற ஆளு. பேசாம போயிருக்க மாட்டாரு" என்றாள். பின்னால் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள், அழுகையோடு.

மேஜருக்குத் தாடை அசைந்தது. இதற்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர் வாய் திறந்தபோது வந்தது அவர் தமிழ் அல்ல, என் தம்பியின் தமிழ்.

"'நீங்க போய்ட்டு வாங்க சார். நான் எங்க போய்டப் போறேன், இங்கதான கீறேன்'னான்."

புளியமரத்தில் ஒரு கிளிக்கூட்டம் கத்திவிட்டுப் போனது.

"அப்ப உயிரோட கீறான்!" என்று கத்தினாள் அம்மா. இப்போது திரும்பியிருந்தாள். "நான் சொல்லல?"

"கல்ல எறக்குங்கடா" என்றார் ஒரு பெரியப்பா.

"கழுவின கல்ல எப்பிட்றா எறக்குவ?" என்றார் கவுண்டர். சூரியனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொய் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கல் இன்னொரு ஆளைக் கேட்டால் அந்த வீட்டில் மீதி இருக்கிற ஆண் நான்தான் என்பதும் அந்தப் பார்வையில் இருந்தது. நான்கு பேரும் கல்லைத் தோளில் தாங்கி நின்றார்கள். விடவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. அவர்கள் கால்கள் உதறுவதை நான் பார்த்தேன்.

செந்தாமரை எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"இன்னா அடி?"

"கண்ணிவெடி. கால் போயிடுச்சு."

"எந்தக் காலு?"

"எடது."

"முட்டிக்கு மேலயா, கீழயா?"

"மேல. தொடை வரைக்கும்."

"கட்டனீங்களா?"

"பெல்ட்டால. என் கையால."

"ரத்தம் நின்னுதா?"

மேஜர் தலையை ஆட்டினார்.

"வாயில சொல்லுங்க."

"நிக்கல."

"குளுரா?"

"பயங்கரக் குளிர். என் கோட்டப் போத்திட்டு வந்தேன்."

"விடிய எம்மா நேரம் இருந்துது?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்பறம் தேடனீங்களா?"

"சண்டை நின்னும் அந்தக் காடு அவங்க பக்கம். போக விடல. கைதிகளத் திருப்பி அனுப்பினப்ப எல்லைக்குப் போய் நின்னேன். வரிசையா வந்தாங்க. ஒவ்வொருத்தன் மொகமாப் பாத்தேன். அவன் இல்ல."

செந்தாமரையின் அப்பாவைக் கரடி தொடையில் கிழித்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு நடந்தார்கள். அவள் கூடவே, துணியால் அழுத்தியபடி நடந்தாள். பாதி வழியிலேயே அவர் உயிர் அடங்கி, கட்டிலை இறக்க வேண்டி வந்தது. அது ஊருக்கே தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கவுண்டர் பக்கம் திரும்பினாள்.

"பட்டாரு. நான் பாத்தேன். நிறுத்துங்க."

"நீ இங்கதான இருந்த பொண்ணே?"

"இப்பப் பாத்தேன்."

"பொம்பள சொல்லிக் கல்லு நட்டதில்ல."

"ஆம்பள சொல்லிப் பொய்க்கல்லு நட்டதுண்டா?"

கல்லைத் தாங்கியிருந்தவர்களில் ஒருவன், "மாமா, சீக்கிரம் சொல்லு, தோள் போவுது" என்றான். புளியமரத்தின் நிழல் கற்களைத் தாண்டி நெடுந்தூரம் போயிருந்தது. கவுண்டர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எங்க?" என்று கேட்டார். செந்தாமரையைக் கேட்டார்.

"ஆத்துக்கு அந்தாண்ட."

"எப்ப?"

"விடியறதுக்குள்ள."

"எப்படி?"

"தனியா" என்றாள்.

கவுண்டர் கையசைத்தார். கல் குழிக்குள் விழுந்த அதிர்ச்சி என் உள்ளங்காலில் தெரிந்தது. மண்ணைத் தள்ளினார்கள். மேஜர் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கல்லடியில் மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை, கூட இழுத்துக்கொள்ளவும் இல்லை.

அம்மா அந்தக் கல்லைக் கடைசிவரை ஏற்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். சாகிற வரைக்கும் இரவில் குப்பனுக்கு ஒரு கை களி எடுத்து வைத்தாள். அவளும் போய், கவுண்டரும் போய், செந்தாமரையும் போன வருஷம் போய்விட்டாள். இதைச் சொல்ல இன்று நான் ஒருவன்தான் மீதி.

அன்று மேஜரைக் கீழே கொண்டுவிட நான் ஜீப்பில் ஏறப்போனபோது செந்தாமரை வழியில் நின்றாள்.

"நெஞ்சுல குண்டுன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதான மாமா?"

"ஆமா."

"எதுக்கு?"

"உனக்கொரு எடம் கெடைக்கட்டும்னு."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவளுக்கு அது தெரிந்தது.

"அந்தப் பொய்யோட கல்லு நின்னிருந்தா, அவுரு பேசனது எனக்கு வந்தே இருக்காது" என்றாள். பிறகு, தாலியைக் கழற்றப் பெண்கள் யாரையும் கூப்பிடாமல், தனியாக வீட்டுக்குள் போனாள்.